நட்சத்திரக் குறிக்கு அந்தப் பக்கம்: கல் பட்டறைக் கணக்கில் பைத்தானின் இன்ஸ்பெக்ட்

காசு கொடுத்து வாங்காத சாமானுக்கு மதிப்புரை எதற்கு என்று கேட்பார்கள். பைத்தான் என்ற நிரல் மொழியை இறக்கினால், ஒரு நிரல் என்னென்ன விவரம் கேட்கிறது என்று பார்த்துச் சொல்லும் இன்ஸ்பெக்ட் நூலகமும் (நூலகம் என்றால் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) கூடவே வந்துவிடுகிறது; தனி விலை கிடையாது, தனியாக நிறுவவும் வேண்டாம். சும்மா வந்தது என்பதற்காகச் சரக்கையும் பெயரையும் அதன் கையில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட முடியுமா? எங்கள் பட்டறையின் ஆர்டர் கணக்கு இப்போது இதை நம்பித்தான் ஓடுகிறது. எது உருப்படியாக வேலை செய்கிறது, எது காலை வாருகிறது என்று எழுதிவைத்தால், கணினியில் கணக்கு எழுதும் வேறு யாருக்காவது பயன்படும்.

நாங்கள் செய்வது தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டத்துக்கு ஒரு வண்ணமாகச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமென்டையும் மணலையும் தூவி, அதன் மேல் ஈரச் சாந்து வைத்து மட்டம் தட்டுவார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். எல்லாம் கைவேலை. இன்று கலக்கிய சிவப்பும் அடுத்த மாதம் கலக்கப்போகும் சிவப்பும் ஒன்றாகவே இருக்கும் என்று எந்தக் கைகாரரும் சத்தியம் செய்ய மாட்டார். ஆகவே எண்ணிக்கை முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் வளவின், அதாவது வீட்டு உள்முற்றத்தின், நடுவில் நிறம் மாறிய ஒட்டு தெரியும். கூடினால், ஒரு வீட்டுக்கென்று போட்ட பூ வேறு எவருக்கும் ஆகாமல் கொட்டகையில் கிடக்கும்.

எண்ணிக்கையைப் போட்டுத் தர ஒரு சிறிய ஃபங்ஷன், அதாவது விவரங்களை வாங்கிக்கொண்டு விடை தரும் நிரல் துண்டு, வைத்திருக்கிறோம். பெயர் கல்_எண்ணிக்கை. பைத்தான் 3.0 வெளிவந்த 2008 முதலே மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். எங்கள் பட்டறையில் நீளம் நீளம்தான், கழிவு கழிவுதான். இது பெருமைக்காகச் செய்ததில்லை. ஆர்டர் தாளை நிரப்புகிறவர்களுக்கும் நிரலை எழுதுகிறவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக உட்கார எனக்கு நேரமில்லை.

முதலில் அந்த ஃபங்ஷனை அழைக்கும் வரி இப்படி இருந்தது:

கல்_எண்ணிக்கை(20, 15, 10, 8)

இருபதுக்குப் பதினைந்து அடி என்பது பார்த்தவுடன் தெரிகிறது. அடுத்த இரண்டும்? ஒன்று கல்லின் அளவு, அங்குலத்தில். மற்றது கழிவு, அதாவது வெட்டியும் உடைந்தும் வீணாவது, சதவீதத்தில். எங்கள் தொழிலில் 8 அங்குலக் கல்லும் உண்டு, 10 அங்குலக் கல்லும் உண்டு. கழிவு 8 என்றும் வைப்போம், மூலை முடுக்கு அதிகமான வீடென்றால் 10 என்றும் வைப்போம். இரண்டும் இடம் மாறினால் பைத்தான் முணுமுணுக்கக்கூட மாட்டாது. விடை மட்டும் வேறாக வரும்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். 20 அடி என்பது 240 அங்குலம், 15 அடி என்பது 180 அங்குலம். 10 அங்குலக் கல் என்றால் 24 பெருக்கல் 18, ஆக 432. கழிவு நூற்றுக்கு 8 சேர்த்தால் 467. அதே இடத்துக்கு 8 அங்குலக் கல் என்றால் ஒரு பக்கம் 30 வரிசை, மறுபக்கம் இருபத்திரண்டரை வரிசை, ஆக 675. கழிவு நூற்றுக்கு 10 சேர்த்தால் 743. வித்தியாசம் 276 கற்கள். 467-ஐப் பார்த்தாலும் 743-ஐப் பார்த்தாலும் தவறான எண் என்று யாருக்கும் தோன்றாது. இரண்டுமே 300 சதுர அடிக்கு வரக்கூடிய எண்கள்தான். விடை கோடிக்கணக்கில் வந்திருந்தால் சிரித்துவிட்டுத் திருத்தியிருப்போம். நம்பும்படியாக வரும் தவறான விடைதான் பட்டறையைக் கவிழ்க்கும்.

இதற்கு மருந்து ஒரே ஒரு எழுத்து. ஃபங்ஷனின் தலைப்பில், அதாவது அது கேட்கும் விவரங்களின் பெயர்களை அடுக்கும் முதல் வரியில், அகலத்துக்குப் பிறகு ஒரு நட்சத்திரக் குறி:

கல்_எண்ணிக்கை(நீளம், அகலம், *, கல்_அளவு, கழிவு=8)

ஃபங்ஷனுக்குத் தரும் விவரத்துக்கு ஆர்குமென்ட் என்று பெயர். அந்தக் குறிக்கு அந்தப் பக்கம் இருப்பவை எல்லாம் கீவேர்டு-ஒன்லி ஆர்குமென்ட்கள். பெயரைச் சொல்லித்தான் மதிப்பைத் தர முடியும். நட்சத்திரம் தானாக எந்த மதிப்பையும் வாங்கிக்கொள்ளாது. அது ஒரு எல்லைக்கல், அவ்வளவுதான். பழைய வழக்கப்படி நான்கு எண்களை வரிசையாக அனுப்பினால், 2 ஆர்குமென்ட்களைத்தான் இடம் பார்த்து வாங்குவேன், 4 வந்திருக்கிறது என்று பைத்தான் அங்கேயே நின்றுவிடுகிறது. கல்_அளவு இல்லாமல் அழைத்தால், பெயர் சொல்லித் தரவேண்டிய கல்_அளவு வரவில்லை என்று பெயரைக் குறிப்பிட்டே சொல்கிறது. சரியான அழைப்பு இது:

கல்_எண்ணிக்கை(20, 15, கல்_அளவு=10)

நாளைக்கு வேறொருவர் இந்த வரியைப் படித்தாலும் எந்த எண் எதற்கு என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பேரேட்டில் பற்று எது, வரவு எது என்று தலைப்புப் போடாமல் எண்ணை மட்டும் எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளையை எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் எந்த வீட்டிலும் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த கடைகளின் கணக்கு ஊருக்கு வந்து சரிபார்க்கப்பட்டதெல்லாம் அந்த ஒழுங்கை நம்பித்தான். கணினி மொழிக்கு அது தாமதமாக வந்திருக்கிறது. இதற்கான முன்மொழிவு, பெப் 3102, எழுதப்பட்டது 2006-ல். நடைமுறைக்கு வந்தது 3.0-ல்.

அதற்கு முன்பு பைத்தான் 2-ல் இதே காரியத்துக்கு இரட்டை நட்சத்திரம் போட்டு, வருகிற பெயர்களையெல்லாம் ஒரு பையில் வாரிக்கொண்டு, உள்ளே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். அழைக்கிறவர் 'கழிவு' என்பதைக் 'களிவு' என்று எழுதியிருந்தால், பையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று யாரும் சோதிக்காதவரை அந்தப் பிழை சத்தமில்லாமல் விழுங்கப்படும். வழக்கமான 8 உட்கார்ந்துகொள்ளும். ஒற்றை நட்சத்திரத்தில் அந்த ஏமாற்று நடக்காது. தெரியாத பெயர் வந்தால் அது தெரியாத பெயர்தான் என்று வாசலிலேயே சொல்லிவிடும்.

காரைக்குடியில் கல்லூரியில் படித்துக்கொண்டே மாலையில் எங்கள் கணக்குக்கு உதவ வரும் பையன் ஒருவன் இருக்கிறான். நட்சத்திரத்தின் ருசி கண்டதும், "எல்லாவற்றையுமே அந்தப் பக்கம் தள்ளிவிடலாமே ஆச்சி?" என்றான்.

"நீளமும் அகலமும் இடம் மாறினால் என்ன குறையும், தம்பி?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒன்றும் குறையாது. பெருக்கினால் அதே பரப்புதான்" என்றான்.

"அப்புறம் எதற்கு அதைப் போய்க் கட்டிப்போடுகிறாய்?"

என் அளவுகோல் இதுதான். இடம் மாறினால் சேதமில்லாதவை நட்சத்திரத்துக்கு முன்னால் நிற்கட்டும். இடம் மாறினாலும் விடை நம்பும்படி வந்துவிடும் என்றால், அவற்றை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் ஆர்குமென்ட்களையும் அங்கேதான் தள்ள வேண்டும். ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ என்று வரிசையாக எழுதிய ஒரு வரியைப் பார்த்து எதற்கு எது என்று அதை எழுதியவரே சொல்ல முடியாது. பைத்தானை உருவாக்கியவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் செய்திருக்கிறார்கள். பிரிண்ட் கட்டளையில் அச்சிட வேண்டியவற்றை வரிசையாகத் தரலாம், ஆனால் இடையில் வரும் குறியையும் கடைசியில் வரும் குறியையும் பெயர் சொல்லித்தான் தர வேண்டும். சார்ட்டட் ஃபங்ஷனில் பட்டியலை அப்படியே கொடுக்கலாம். எதை வைத்து வரிசைப்படுத்துவது, தலைகீழாக வேண்டுமா என்பவற்றுக்குப் பெயர் கட்டாயம்.

இன்னொரு வசதியும் உண்டு. வழக்கமான ஆர்குமென்ட்களில், இயல்பு மதிப்பு உள்ளதற்குப் பின்னால் இயல்பு மதிப்பு இல்லாததை வைக்க முடியாது. இலக்கணப் பிழை என்று தள்ளிவிடும். நட்சத்திரத்துக்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கழிவு=8 முதலில் வந்து, கட்டாயமான கல்_அளவு பிறகு வரலாம். ஆனால் நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு அதற்குப் பின் ஒன்றும் எழுதாமல் விட்டால் ஏற்றுக்கொள்ளாது.

இது பாதிக் கதைதான். இன்ஸ்பெக்ட் இல்லாமல் வெறும் நட்சத்திரத்துக்காக நான் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன்.

எங்களிடம் கல்_எண்ணிக்கை ஒன்றுதான் என்று இல்லை. ஓரக் கல்லுக்கு ஒரு ஃபங்ஷன், படிக்கட்டுக்கு ஒன்று, லாரிச் செலவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் கேட்கும் விவரங்கள் வேறு. ஆர்டர் தாள் என்று ஒன்று இருக்கிறது. முகப்பு, வளவு, ஆல்வீடு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரி. கானாடுகாத்தானில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவரும் நிரப்புவார், சென்னையில் புதிதாகக் கட்டுகிற பொறியாளரும் நிரப்புவார். எந்த ஃபங்ஷனுக்கு என்ன விவரம் வேண்டும் என்று தனியாக ஒரு பட்டியல் எழுதி வைத்தால், ஃபங்ஷன் மாறும்போது பட்டியலை மாற்ற மறந்துபோகும். இரண்டு இடத்தில் எழுதிய உண்மை ஒருநாள் இரண்டாகத்தான் நிற்கும்.

இன்ஸ்பெக்ட் நூலகத்தில் சிக்னேச்சர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதனிடம் கல்_எண்ணிக்கையை அழைக்காமல், பெயரை மட்டும் கொடுத்தால், அதன் தலைப்பைப் படித்து ஒரு பொருளாகத் திருப்பித் தருகிறது. அதை அச்சிட்டால் திரையில் வருவது இதுதான்:

(நீளம், அகலம், *, கல்_அளவு, கழிவு=8)

நான் எழுதியது அப்படியே, நட்சத்திரத்தோடு. அச்சிட்டுப் பார்ப்பது வெறும் கண்காட்சி. உள்ளே பாராமீட்டர்ஸ் என்ற பெயரில், எழுதிய வரிசை குலையாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பெயர், இயல்பு மதிப்பு, வகை. வகைகள் மொத்தம் 5: இடம் பார்த்து மட்டும் வருவது, இடம் பார்த்தோ பெயர் சொல்லியோ வருவது, இடம் பார்த்து எத்தனை வேண்டுமானாலும் வருவது, பெயர் சொல்லி மட்டும் வருவது, பெயர் சொல்லி எத்தனை வேண்டுமானாலும் வருவது. எங்கள் கணக்கில் நீளமும் அகலமும் இரண்டாவது வகை. கல்_அளவும் கழிவும் நான்காவது.

இயல்பு மதிப்பு இல்லை என்பதைக் காட்ட எம்ப்டி என்று தனியாக ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். அந்த யோசனையை மெச்சுகிறேன். 'ஒன்றுமில்லை' என்பதற்குப் பைத்தானில் உள்ள நன் என்ற மதிப்பையே அடையாளமாக வைத்திருந்தால், இயல்பு மதிப்பே இல்லாத ஒன்றையும், நன் என்பதையே இயல்பு மதிப்பாகக் கொண்ட ஒன்றையும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. ஒன்றும் எழுதாமல் விட்டதும், ஒன்றுமில்லை என்று எழுதியதும் கணக்கில் ஒன்றாகிவிடாது.

இந்த விவரங்களைக் கொண்டு ஆர்டர் தாள் இப்போது தானே உருவாகிறது. எம்ப்டி என்றால் கட்டாயக் கட்டம், வண்ணம் அடித்துவிடும். இயல்பு மதிப்பு இருந்தால் அதை மங்கலாகக் காட்டும். ஃபங்ஷனில் புதிதாக ஓர் ஆர்குமென்ட் சேர்த்தால் தாளிலும் புதிய கட்டம் வந்துவிடுகிறது.

நிரப்பிய தாள் திரும்பி வந்ததும், சிக்னேச்சர் தந்த பொருளிலேயே இருக்கும் பைண்டு வேலைக்கு வருகிறது. ஒரு வரியில் உள்ள விவரங்களை எடுத்து, ஃபங்ஷனை ஓட்டாமலே, இவை அதன் தலைப்போடு பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்கிறது. பொருந்தாவிட்டால் டைப்எரர் என்ற பிழைச் செய்தி. பொருந்தினால், எந்தப் பெயருக்கு எந்த மதிப்பு என்ற பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலில் வாடிக்கையாளர் சொன்னவை மட்டுமே இருக்கும். அப்ளை_டிஃபால்ட்ஸ் என்று ஒரு சொல் சொன்னால், அவர் சொல்லாமல் விட்டவையும் இயல்பு மதிப்போடு வந்து சேர்ந்துகொள்ளும். 3.5 முதல் இந்த வசதி இருக்கிறது.

என் மனத்துக்கு மிகவும் பிடித்த இடம் இது. நாங்கள் இரண்டு நிலையையும் எழுதிவைக்கிறோம். சேர்ப்பதற்கு முன் இருந்தவை அவர் சொன்னவை. சேர்த்த பின் புதிதாக வந்தவை நாமாக வைத்துக்கொண்டவை. ரசீதில் 'கழிவு 8, எங்கள் வழக்கப்படி' என்று தனியாக அச்சாகிறது. "நான் 8 என்று சொல்லவே இல்லையே" என்று பிறகு யாராவது வந்தால், சொல்லவில்லை என்பதும் எங்கள் ஏட்டிலேயே இருக்கிறது.

இடம் பார்த்து மட்டும் வாங்கும்படி செய்ய சாய்வுக்கோடு ஒன்றும் 2019-ல் வந்த 3.8-லிருந்து இருக்கிறது. நீளம், அகலத்துக்குப் பிறகு அதையும் போடலாமே என்று தோன்றும். எங்களுக்கு ஆகாது. தாளின் தலைப்புகளைப் பெயராகக் கொண்டு ஒரு வரி முழுவதையும் பைண்டுக்கு அனுப்புகிறோம். சாய்வுக்கோடு போட்டுவிட்டால் 'நீளம்' என்று பெயர் சொல்லித் தருவதையே அது மறுத்துவிடும்.

சிக்னேச்சர் வந்தது பெப் 362 வழியாக, 2012-ல், பைத்தான் 3.3-ல். அதற்கு முன்பு இருந்தது கெட்ஆர்க்ஸ்பெக். அதற்கு கீவேர்டு-ஒன்லி என்றாலே ஆகாது. அப்படி ஓர் ஆர்குமென்ட் இருக்கும் ஃபங்ஷனைக் காட்டினால் வேல்யூஎரர் என்று கையை விரித்துவிடும். நீண்ட நாள் கைவிடப்பட்ட நிலையிலேயே இருந்து, 2022-ல் வந்த 3.11-ல் ஒரேயடியாக நீக்கப்பட்டது. பழைய பாடக் குறிப்புகள் சிலவற்றில் இன்னும் அதுதான் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிவிட்டுப் புதிய பைத்தானில் ஓடவில்லையே என்று புலம்பிப் பயனில்லை. கெட்ஃபுல்ஆர்க்ஸ்பெக் என்ற அதன் தம்பி இன்னும் இருக்கிறது. புதிதாக எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை.

இனிக் குறைகள்.

முதல் குறை, பைண்டு பெயரைத்தான் பார்க்கிறது, மதிப்பைப் பார்ப்பதில்லை. தாளிலிருந்து வருவதெல்லாம் எழுத்துச் சரமாகவே வருகிறது. '20' என்ற சரம் நீளத்துக்குப் பொருந்துகிறது என்று பைண்டு மகிழ்ச்சியோடு சொல்லிவிடும். அதை அப்படியே 15 என்ற எண்ணால் பெருக்கினால் 300 வராது. 20 என்பதை 15 முறை ஒட்டி எழுதிய 30 இலக்க வால் ஒன்று வரும். ஃபங்ஷன் தலைப்பில் இது முழு எண், இது பின்னம் என்று வகைக் குறிப்பு எழுதலாம், சிக்னேச்சர் அதையும் படித்துக் காட்டும், ஆனால் யாரும் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஒவ்வொரு பாராமீட்டரின் வகைக் குறிப்பையும் எடுத்து, வந்த சரத்தை அதற்கு மாற்றும் வேலையை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரிய வேலையில்லை என்றாலும் முதல் தடவை பயன்படுத்துகிறவர்கள் இதை எதிர்பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது, பைண்டு ஒரு நேரத்தில் ஒரு குறையைத்தான் சொல்லும். ஃபங்ஷனை நேரடியாக அழைத்தால், விடுபட்ட கீவேர்டு-ஒன்லி பெயர்கள் அத்தனையையும் ஒரே செய்தியில் அடுக்குகிறது. பைண்டு முதலாவதோடு நின்றுவிடும். தேவகோட்டையிலிருந்து தாள் அனுப்பியவரிடம் கல் அளவு இல்லை என்று ஒரு முறையும், அதை வாங்கியபின் நிறம் இல்லை என்று மறுமுறையும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்க முடியுமா? பைண்டை நம்பாமல், பாராமீட்டர்களில் எம்ப்டி உள்ளவற்றை எடுத்து, தாளில் உள்ள பெயர்களைக் கழித்து, மிச்சத்தை நாமே பட்டியல் போட்டுவிடுகிறோம். நூலகத்திலேயே இது இருந்திருக்கலாம்.

மூன்றாவது குறை சற்று ஆழமானது. எந்த ஃபங்ஷன் எப்போது ஓடியது என்று பதிவு செய்ய, எல்லாவற்றையும் ஒரு டெக்கரேட்டரால், அதாவது ஃபங்ஷனுக்கு மேல் போடும் ஓர் உறையால், சுற்றியிருக்கிறோம். வெறுமனே சுற்றினால் சிக்னேச்சர் உறையைத்தான் பார்க்கும். எது வேண்டுமானாலும் வரலாம் என்ற ஒற்றை நட்சத்திரம், இரட்டை நட்சத்திரம் இரண்டும்தான் தெரியும். ஃபங்டூல்ஸ் நூலகத்தின் ராப்ஸ் கொண்டு சுற்றினால், உறைக்குள் இருக்கும் அசல் ஃபங்ஷனுக்கு ஒரு வழி வைத்துவிடுகிறது; சிக்னேச்சர் அந்த வழியே போய் அசல் தலைப்பைக் காட்டுகிறது. இதுவரை நல்லது. ஆனால் உறையே தன் பங்குக்கு ஓர் ஆர்குமென்ட்டைச் சேர்த்தாலோ விழுங்கினாலோ, சிக்னேச்சர் காட்டுவது அசலின் தலைப்பு, வாசலில் நிற்பது வேறு ஆள். அதில் நூலகத்தின் பொய் எதுவும் இல்லை, நாம் கொடுத்த அடையாளச் சீட்டைத்தான் படிக்கிறது. உறை ஆர்குமென்ட்களைத் தொடாமல் அப்படியே கடத்தினால் மட்டும் ராப்ஸ் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஃபாலோ_ராப்டு என்பதை ஃபால்ஸ் ஆக்கி, உறையின் தலைப்பு என்ன சொல்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, பார்ஷியல். ஃபங்டூல்ஸிலேயே இருக்கும் இது, ஒரு ஃபங்ஷனின் சில ஆர்குமென்ட்களை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ள உதவுவது. படிக்கட்டு ஃபங்ஷன் (நீளம், அகலம், உயரம்) என்று மூன்று கேட்கிறது என்று வையுங்கள். அகலம்=1 என்று பார்ஷியல் போட்டுவிட்டுச் சிக்னேச்சரைக் கேட்டால் வருவது (நீளம், *, அகலம்=1, உயரம்). நாம் போடாத நட்சத்திரம் நடுவில் முளைத்து, உயரமும் கீவேர்டு-ஒன்லியாகிவிட்டது. பையன் இதைப் பிழை என்றே நினைத்தான். பிழையில்லை. அகலத்துக்குப் பெயர் சொல்லி இடம் பிடித்த பிறகு, இரண்டாவது எண்ணை வரிசையில் அனுப்பினால் அது போய் அகலத்தின் மேல்தான் மோதும். ஆகவே உயரத்தைப் பெயர் சொல்லித்தான் தர முடியும். நூலகம் அதை யோசித்து நட்சத்திரம் போட்டிருக்கிறது. இதைக் குறைப் பட்டியலில் சேர்த்ததற்கு நூலகம் என்னை மன்னிக்கட்டும்.

சி மொழியில் எழுதி உள்ளேயே வைத்திருக்கும் சில ஃபங்ஷன்களுக்குத் தலைப்புக் கிடைப்பதில்லை. மேக்ஸ் என்பதைக் கேட்டுப் பாருங்கள், வேல்யூஎரர்தான் வரும். ஒரு பட்டியலையும் வாங்கும், தனித்தனி எண்களையும் வாங்கும் அதன் இரட்டை வேடத்தை ஒரே தலைப்பில் எழுத முடியாது. எங்கள் வேலைக்கு அது குறுக்கே வரவில்லை.

நட்சத்திரத்தின் மேல் ஒரே ஒரு மனத்தாங்கல்தான். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனில் புதிதாக அதை நுழைத்தால், வரிசையாக எண்களை அனுப்பிக்கொண்டிருந்த பழைய வரிகள் எல்லாம் உடையும். எந்த வரிகள் என்று இன்ஸ்பெக்டால் சொல்ல முடியாது. அது ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்தைப் பார்க்குமே தவிர, யார் யார் எப்படி அழைக்கிறார்கள் என்பதைப் பார்க்காது. சைக்கிட்-லேர்ன் போன்ற பெரிய நூலகம்கூட இந்த மாற்றத்தைச் செய்யும்போது 0.23-லிருந்தே எச்சரிக்கை கொடுத்துவிட்டு, 2021-ல் 1.0 வந்தபோதுதான் கட்டாயமாக்கியது. அதோடு, பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிவிட்டால் பெயரை மாற்றுவதும் கடினம். கழிவு என்பதைச் சேதம் என்று மாற்ற நினைத்தால், அழைக்கும் ஒவ்வொரு வரியையும், ஆர்டர் தாள் தலைப்பையும் மாற்ற வேண்டும். நட்சத்திரம் போடுவதற்கு முன் பெயரை நிதானமாக யோசித்து வையுங்கள்.

கடைசியாக, தமிழில் பெயர் வைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. லாரிச் செலவு ஃபங்ஷனில் 'போக்குவரத்து' என்று ஓர் ஆர்குமென்ட் உண்டு. ஒரு வாடிக்கையாளரின் தாள் வந்தது. 'போக்குவரத்து' என்ற தெரியாத பெயர் வந்திருக்கிறது என்று பைண்டு மறுத்துவிட்டது. திரையில் இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தாலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பையன் நூலகத்தைத் திட்டத் தொடங்கிவிட்டான்.

விஷயம் 'போ' என்ற எழுத்தில் இருந்தது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறியில் (யூனிகோடில்) ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். நிரலில் எழுதும் பெயர்களை பைத்தான் படிக்கும்போதே என்எஃப்கேசி என்ற முறைப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே நிரலுக்குள் எப்படித் தட்டினாலும் சிக்கல் இல்லை. ஆனால் தாளின் தலைப்பு என்பது சரம். சரத்தை அது தொடுவதில்லை. இரண்டு குறியாகத் தட்டியிருந்த அந்தத் தலைப்பு, ஒரே குறியாக இருந்த பாராமீட்டர் பெயரோடு பொருந்தவில்லை. இன்ஸ்பெக்ட் சொன்னது சரிதான். அதன் கணக்கில் அது வேறு பெயர்தான்.

தீர்வு எளிது. பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா நூலகத்தின் நார்மலைஸ் கொண்டு, தாளின் ஒவ்வொரு தலைப்பையும் என்எஃப்கேசி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தைச் சீவிவிட்டுப் பிறகு பைண்டுக்கு அனுப்ப வேண்டும். கெட்ட நேரத்துக்கு, 'கழிவு', 'நீளம்' போன்ற பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது வெளியே தெரியவே தெரியாது. கொம்பும் காலும் உள்ள ஒரு பெயரையாவது சோதனைத் தாளில், இரண்டு விதமாகவும் தட்டி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சோதனைத் தாளில் 'போக்குவரத்து' அப்படி இரண்டு வரிகளில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஒன்று தவறுதலாக மறுபடி வந்துவிட்டது என்று நினைத்து அழித்துவிடாமல் இருக்க, பக்கத்தில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதி வைத்திருக்கிறோம்.